மல்லாட்டையும் பாமாயிலும்: கிளியனூர் அடுப்படியில் பதினொரு தேசங்கள்!

திண்டிவனத்தில் புதுச்சேரி பஸ் ஏறினால் வழியில் வருவது கிளியனூர். சுற்றிலும் நெல் வயல், சவுக்குத் தோப்பு, மானாவாரி நிலத்தில் மல்லாட்டை. திருஞானசம்பந்தர் காலத்துப் பழம்பெருமை பேசும் சிவன் கோவிலும் உண்டு.

இந்த ஊரில் ஒரு விவசாயக் குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள். இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். கையில் ஒரு ரேஷன் கார்டு.

"ஏங்க, எண்ணெய் தீர்ந்துபோச்சு. கடைக்குப் போனா வாங்கிட்டு வாங்க!"

"எந்தக் கடைக்கு? செக்குக்கா, ரேஷனுக்கா?"

"செக்கு எண்ணெய் வாங்க நம்மால ஆவுமா? ரேஷன்ல பாமாயில் போடறாங்களாம். அதையே வாங்கிட்டு வாங்க!"

வாசலில் மல்லாட்டை காய்கிறது. அடுப்பில் பாமாயில் காய்கிறது! தன் நிலத்தில் எண்ணெய் வித்து விளைவித்தவன், கடல் கடந்து வந்த எண்ணெயில் பிள்ளைக்கு வடை சுடுகிறான். இது எப்படி நடந்தது?

இதற்குப் பதில் கிளியனூரில் இல்லை. டெல்லியிலும், பாங்காக்கிலும், ஜகார்த்தாவிலும், கோலாலம்பூரிலும் இருக்கிறது. தேசங்களின் தலைவர்கள் கைகுலுக்குகிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுகிறது. அந்தக் கையெழுத்து சில மாதங்களில் எண்ணெய் டின்னாக நம் அடுப்படிக்கு வந்து நிற்கிறது. ஆகவே இது பெரிய மனிதர்கள் சமாசாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. இது நம் வீட்டுச் சமாசாரம்.

பெயரிலே ஒரு வேடிக்கை

முதலில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள்.

வேர்க்கடலையை நம் தென்னாற்காட்டுப் பக்கத்தில் மணிலாக்கொட்டை என்கிறோம். பேச்சுவாக்கில் அது மல்லாக்கொட்டை ஆயிற்று, மல்லாட்டை ஆயிற்று. மணிலா என்பது என்ன? பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம்! கடலையின் தாய்வீடு தென் அமெரிக்கா. அது பிலிப்பைன்ஸ் வழியாகக் கிழக்கே வந்ததால் மணிலா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள்.

இப்போது பாமாயிலைப் பாருங்கள். அதன் தாய்வீடு ஆப்பிரிக்கா. மலேசியாவில் முதன்முதலாக வியாபாரத்துக்காக எண்ணெய்ப்பனை பயிரிட்ட தோட்டம் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிறது. ஆண்டு 1917. அந்தத் தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம் எஸ்டேட்!

நம் பயிருக்கு அவர்கள் ஊர்ப் பெயர். அவர்கள் தோட்டத்துக்கு நம் மரத்தின் பெயர். அந்தப் பெயர் அங்கே போனது எப்படி? தமிழன் போனான், பெயரும் போயிற்று. தென்னாற்காடு, வடஆற்காடு, தஞ்சை, திருச்சி, சேலம் ஜில்லாக்களில் இருந்து கப்பல் ஏறிய ஆயிரமாயிரம் ஏழைகள் மலாயாவில் ரப்பர் பால் எடுத்தார்கள். 1960-ம் ஆண்டுக்குப் பிறகு ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்ப்பனை வைத்தார்கள். பால் எடுத்த கைகள் பனங்குலை வெட்டின. நாம் இன்று ஊற்றும் பாமாயிலில் நம் உறவினரின் வேர்வையும் கலந்திருக்கிறது.

உறவு இன்னும் பழையது. தாய்லாந்தில் தகுவாபா என்ற இடத்தில் 9-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தையும், மணிக்கிராமத்தார் என்ற வணிகர் சபையையும் அது பேசுகிறது. சுமத்திராவில் பரூஸ் என்ற ஊரில் 1088-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. ராஜேந்திர சோழன் கடல் தாண்டிக் கடாரம் கொண்டது அதற்கும் முன்னால். படை போன வழியிலும் வணிகம் நடந்தது; படை போகாத வழியிலும் வணிகம் நடந்தது.

ஆசியான் என்றால் என்ன?

1967-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி. பாங்காக் நகரில் ஐந்து நாடுகள் கூடின. இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து. "தனித்தனியே நின்றால் பெரிய நாடுகள் நம்மை விழுங்கிவிடும், சேர்ந்து நிற்போம்" என்ற எண்ணத்தில் ஒரு சங்கம் அமைத்தன. அதுதான் ஆசியான்.

பின்னர் புருனே, வியட்நாம், லாவோஸ், மியான்மர், கம்போடியா சேர்ந்தன. 2025-ம் ஆண்டு அக்டோபரில் கிழக்குத் திமோரும் சேர்ந்தது. ஆக மொத்தம் பதினொன்று.

இந்தச் சங்கத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. இதனால் காரியம் மெதுவாக நடக்கும். ஆனால் வெளியாரிடம் பேசும்போது ஒரே குரலில் பேசுவார்கள். சிறிய சிங்கப்பூரும் பெரிய இந்தோனேசியாவும் ஒரு பக்கம். எதிரே அமெரிக்காவோ, சீனாவோ, ஜப்பானோ, இந்தியாவோ.

இந்தியா இவர்களிடம் கொஞ்சம் தாமதமாகத்தான் போயிற்று. நரசிம்மராவ் பிரதமராக இருந்தபோது 1991-ல் "கிழக்கே பார்" என்ற கொள்கை பிறந்தது. 1992-ல் சில துறைகளில் மட்டும் கூட்டாளி ஆனோம். 1995-ல் முழுக் கூட்டாளி. 2002-ல் கம்போடியாவில் முதல் உச்சி மாநாடு. 2014-ல் பிரதமர் மோடி அதைக் "கிழக்கே செயல்படு" என்று மாற்றினார். 2018 குடியரசு தின விழாவுக்குப் பத்து நாட்டுத் தலைவர்களும் ஒரே நேரத்தில் விருந்தாளிகளாக டெல்லிக்கு வந்தார்கள்.

விருந்து இருக்கட்டும். கணக்கு என்ன?

2022-23-ம் ஆண்டில் நாம் ஆசியான் நாடுகளுக்கு விற்ற சரக்கு சுமார் 4,400 கோடி டாலர். அவர்களிடம் வாங்கியது சுமார் 8,750 கோடி டாலர். நாம் ஒரு ரூபாய்க்கு விற்றால், இரண்டு ரூபாய்க்கு வாங்குகிறோம்.

வாங்குவது எல்லாம் நஷ்டம் என்று நினைத்துவிடக் கூடாது. நிலக்கரி வாங்கினால் விளக்கு எரிகிறது. மின்சாரப் பொருள்களின் பாகங்களை வாங்கினால் இங்கே தொழிற்சாலை ஓடுகிறது. ஆனால் எண்ணெய்க் கணக்கு வேறு. அதை நம் நிலத்திலும் விளைவிக்க முடியும். விளைவித்தும் காட்டியிருக்கிறோம்.

சொந்தக் காலில் நின்ற காலம்

நம் பகுதிக்கும் கடலைக்கும் உள்ள சம்பந்தம் சாதாரணமானது அல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் தென்னாற்காட்டு மணிலா புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு தேசத்து மார்செய் நகருக்குப் போயிற்று. அங்கே எண்ணெய் ஆயிற்று, சோப்பு ஆயிற்று. 1879-ல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ரெயில் ஓடத் தொடங்கியதும் அந்த வியாபாரத்துக்குக் கால் முளைத்தது.

கடலை விதையில் "டி.எம்.வி." என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது திண்டிவனத்தைக் குறிக்கும் எழுத்து. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-ல் கொடுத்த டி.எம்.வி. 2 என்ற ரகம் ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் பல பத்து ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. நம் ஊர்ப் பெயரை மற்ற மாநில விவசாயியும் சொன்னான்.

1986-ல் மத்திய சர்க்கார் எண்ணெய் வித்துகளுக்குத் தனி இயக்கம் தொடங்கியது. நல்ல விதை, நல்ல விலை, கொள்முதல் எல்லாம் சேர்ந்தன. 1990-களின் தொடக்கத்தில் இந்தியா தனக்கு வேண்டிய எண்ணெயைக் கிட்டத்தட்ட முழுவதும் தானே உற்பத்தி செய்தது. "மஞ்சள் புரட்சி" என்று கொண்டாடினார்கள்.

பிறகு என்ன ஆயிற்று?

1994-ல் பாமாயில் இறக்குமதிக்குக் கதவு திறந்தார்கள். வரி 65 சதவீதம். நான்கே ஆண்டில், 1998-ல், அது 15 சதவீதம் ஆயிற்று. எண்ணெய் வந்து கொட்டியது. இன்று நாம் உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. 2022-23, 2023-24 ஆகிய இரண்டு எண்ணெய் ஆண்டுகளிலும் இறக்குமதி 150 லட்சம் டன்னைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் பாமாயில்.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

2003 அக்டோபரில் பாலித் தீவில் இந்தியாவும் ஆசியானும் ஒரு அடிப்படை ஒப்பந்தம் செய்தன. ஆறு ஆண்டுகள் பேசினார்கள். 2009 ஆகஸ்டு 13-ந் தேதி பாங்காக்கில் சரக்கு வியாபார ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2010 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது.

ஆயிரக்கணக்கான சரக்குகளுக்கு வரி குறைந்தது. 489 சரக்குகளுக்குக் குறைக்க மாட்டோம் என்று இந்தியா எழுதி வைத்தது. பாமாயில், காப்பி, தேயிலை, மிளகு ஆகியவற்றைத் "தனிச் சரக்கு" என்று வைத்து, வரியைப் படிப்படியாகக் குறைப்பது என்று ஒத்துக்கொண்டது. அதன்படி 2019 முடிவதற்குள் கச்சா பாமாயில் வரி 37.5 சதவீதத்துக்கும், சுத்திகரித்த பாமாயில் வரி 45 சதவீதத்துக்கும் வரவேண்டும். அப்படியே வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 37.5 என்பது உச்சவரம்பு. அதற்கு மேலே போகக் கூடாது. அதற்குக் கீழே போகச் சொல்லி ஒப்பந்தம் கட்டாயப்படுத்தவில்லை. அப்படியிருந்தும் டெல்லி தானாகவே கீழே இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது.

கச்சா பாமாயிலின் அடிப்படை வரியைப் பாருங்கள். 2008-ல் பூஜ்யம். 2018 மார்ச்சில் 44 சதவீதம். 2020 ஜனவரியில் 37.5. 2021 அக்டோபரில் மறுபடி பூஜ்யம். 2024 செப்டம்பரில் 20. 2025 மே 30-ல் 10.

இது வரியா, ராட்டினமா?

விவசாயியின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறான். விதைக்கும்போது ஒரு வரி. களை எடுக்கும்போது ஒரு வரி. அறுத்து மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை கொண்டுபோகும்போது வேறொரு வரி! 2025-ல் வரியைக் குறைத்தது மே மாதக் கடைசியில். மானாவாரி விதைப்புக்கு நிலம் தயாராகும் நேரம் அது. அடுத்த வருஷம் அவன் மணிலா போடுவானா, சவுக்கு போடுவானா? நீங்களே சொல்லுங்கள்.

ஆசியான் நம் விவசாயியைக் கெடுத்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆசியான் தன் சரக்கை விற்றது. அது வியாபாரி தர்மம். நம் சர்க்கார்கள், எந்தக் கட்சி ஆண்டாலும், ஒரே கொள்கையில் நிற்கவில்லை. குற்றத்தில் பெரும்பங்கு நம்முடையது.

அடுப்படியின் நியாயம்

"அப்படியானால் வரியை ஏற்றிவிடலாமே! பாமாயிலை நிறுத்திவிடலாமே!" என்று கேட்கலாம்.

அவ்வளவு சுலபம் இல்லை. கிளியனூர்க் குடும்பத்தைத் திரும்பிப் பாருங்கள். கணவன் கடலை விற்பவன். அவனுக்கு எண்ணெய் விலை ஏறவேண்டும். மனைவி எண்ணெய் வாங்குபவள். அவளுக்கு எண்ணெய் விலை இறங்கவேண்டும். ஒரே கூரையின் கீழ் இரண்டு கட்சி! நிலம் இல்லாத கூலிக்காரர் வீட்டில் ஒரே கட்சிதான்: எண்ணெய் மலிவாக இருக்கவேண்டும்.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2007-ல் இருந்து பாமாயில் போடுகிறார்கள். ஒரு லிட்டர் பாக்கெட் 25 ரூபாய். இது எத்தனையோ வீடுகளில் குழந்தைகளின் தோசையில் எண்ணெய் மணக்க வைத்தது. அதைக் கேலி பேசுகிறவன் பசி அறியாதவன்.

பாமாயில் ஏன் மலிவு? அதற்கும் காரணம் உண்டு. ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப்பனையில் ஆண்டுக்கு மூன்று நான்கு டன் எண்ணெய் கிடைக்கும். ஒரு ஹெக்டேர் மணிலாவில் ஒரு டன் எண்ணெய்கூடக் கிடைப்பது இல்லை. ஆனால் பனைக்கு மழை கொட்டவேண்டும், அல்லது நிறையத் தண்ணீர் பாய்ச்சவேண்டும். நம் மானாவாரி மேட்டு நிலத்துக்கு அது ஆகாது. அங்கே மணிலாதான் பிழைக்கும். எண்ணெய் எடுத்த பிண்ணாக்கும், காய்ந்த கொடியும் மாட்டுக்குத் தீவனம். வேரில் இருக்கும் முடிச்சு நிலத்துக்கு உரம். இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

எண்ணெய் ஆயுதம் ஆன கதை

மலிவு என்று பிறர் கையை நம்பியிருந்தால் என்ன ஆகும்? மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: 2019 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் மலேசியப் பிரதமர் மகாதீர் முகமது காஷ்மீர் பற்றிப் பேசினார். டெல்லிக்கு அது பிடிக்கவில்லை. 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டது. காகிதத்தில் அது எல்லா நாட்டுக்கும் பொதுவான உத்தரவு. அடி விழுந்தது மலேசியாவுக்கு. பேச்சு ஒரு மேடையில். பாதிப்பு தோட்டத்திலே குலை வெட்டும் தொழிலாளிக்கு!

இரண்டு: 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டது. சூரியகாந்தி எண்ணெய் வரத்து குறைந்தது. அந்த நேரம் பார்த்து, ஏப்ரல் 28-ந் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அவர்கள் நாட்டிலேயே எண்ணெய் விலை ஏறி ஜனங்கள் தவித்தார்கள், அதுதான் காரணம். மே 23-ந் தேதி தடை நீங்கியது. நான்கு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் இங்கே கடைகளில் எண்ணெய் விலை என்ன பாடு படுத்தியது என்பது வீட்டுத் தாய்மார்களுக்குத் தெரியும். உலகத்துப் பாமாயிலில் 100-க்கு 80 பங்குக்கு மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும்தான் உற்பத்தி ஆகிறது. அவர்கள் தும்மினால் நமக்கு ஜலதோஷம்.

மூன்று: "இந்தோனேசியா இப்படிச் செய்யலாமா?" என்று கேட்பதற்கு முன்னால் நம் முதுகையும் பார்த்துக்கொள்ளவேண்டும். 2023 ஜூலை 20-ந் தேதி இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. நம் நாட்டில் விலை ஏறக்கூடாது என்பதுதான் காரணம். அன்று மலேசியாவும், பிலிப்பைன்சும், சிங்கப்பூரும் திகைத்தன. கேட்டுக்கொண்ட பிறகு சிங்கப்பூருக்கு 50 ஆயிரம் டன், மலேசியாவுக்கு 1 லட்சத்து 70 ஆயிரம் டன், பிலிப்பைன்சுக்கு 2 லட்சத்து 95 ஆயிரம் டன் என்று அனுமதி கொடுத்தோம். 2024 செப்டம்பரில்தான் தடை நீங்கியது.

பார்த்தீர்களா? அவர்கள் எண்ணெயை மூடினார்கள். நாம் அரிசியை மூடினோம். இரண்டு பேரும் தத்தம் அடுப்படியைக் காப்பாற்றினார்கள். இதில் யாரை யார் குறை சொல்வது?

அவர்களிடம் கற்கவேண்டிய பாடம்

ஆசியான் நாடுகள் தங்களுக்குள்ளே தாராள வியாபாரம் செய்கின்றன. ஆனால் அரிசி விஷயத்தில்? இந்தோனேசியாவும், மலேசியாவும், பிலிப்பைன்சும் அரிசியைத் தனிப் பட்டியலில் வைத்து, தங்கள் உழவர்களுக்கு வேலி போட்டுக்கொண்டன. சகோதர நாட்டு அரிசிக்கே வேலி!

அதை யாரும் பகை என்று சொல்லவில்லை. அவரவர் வீட்டுக்கு அவரவர் கதவு. அப்படி இருக்க, நாம் நம் எண்ணெய் வித்துக்கு ஒரு நியாயமான வேலி போட்டால் அது நட்புக்குக் குறைவு ஆகாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆசியான் நமக்கு விற்கும் இடம் மட்டும் அல்ல, வாங்கும் இடமும்கூட. இந்திய வேர்க்கடலையை அதிகம் வாங்கும் நாடுகள் எவை? இந்தோனேசியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா ஆகியவை முன்வரிசையில் நிற்கின்றன! மணிலாவுக்கே மணிலா விற்கிறோம். ஆனால் சரக்கில் பூஞ்சை நஞ்சு இருக்கிறது என்று 2025-ல் இந்தோனேசியா நம் கடலையை நிறுத்தி வைத்ததும் உண்டு. ஈரக் கடலையைக் குவித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காயவைத்தால் பிடிக்காது. உலர்களமும், நல்ல கிடங்கும் இருந்தால் போதும். இது டெல்லியில் பேசித் தீர்க்கும் விஷயம் இல்லை. நம் ஊர்க் களத்தில் தீர்க்கும் விஷயம்.

என்ன செய்யலாம்?

2009-ல் போட்ட ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதுவதற்குப் பேச்சு நடந்து வருகிறது. 2025-க்குள் முடிப்பது என்று 2023-ல் இலக்கு வைத்தார்கள். 2025 அக்டோபரில் கோலாலம்பூர் உச்சி மாநாடு கூடியபோதும் அது முடியவில்லை. தாமதம் ஆனாலும் பரவாயில்லை, சரியாக முடியவேண்டும். என் யோசனைகள் இவை:

முதலாவது, வரியைப் பஞ்சாங்கம் போல முன்கூட்டியே சொல்லுங்கள். சித்திரை பிறக்கும்போதே அந்த ஆண்டு வரி என்ன என்று அறிவிக்கவேண்டும். உலக விலை இவ்வளவுக்குக் கீழே இறங்கினால் வரி இவ்வளவு ஏறும், இவ்வளவுக்கு மேலே ஏறினால் வரி இவ்வளவு இறங்கும் என்று ஒரு கணக்கு எழுதி வைக்கலாம். விதைப்பவனுக்கும் தெரியும், சமைப்பவளுக்கும் தெரியும், இந்தோனேசியாவுக்கும் தெரியும். ராத்திரியோடு ராத்திரியாக உத்தரவு போடும் வழக்கம் ஒழியவேண்டும்.

இரண்டாவது, அரிசிக்கு எண்ணெய் என்று ஒரு வாக்குறுதி செய்துகொள்ளுங்கள். எங்கள் நாட்டில் பஞ்சம் வந்தாலும் உங்களுக்குக் குறைந்தது இத்தனை டன் அரிசி கொடுப்போம். உங்கள் நாட்டில் தட்டுப்பாடு வந்தாலும் எங்களுக்கு இத்தனை டன் எண்ணெய் கொடுக்கவேண்டும். திடீர்த் தடை கூடாது, முன்னறிவிப்பு வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும். கஷ்ட காலத்தில் கதவைத் திறந்து வைப்பதுதான் நட்பு.

மூன்றாவது, ரேஷன் கடையில் நம் எண்ணெய்க்கும் இடம் கொடுங்கள். பாமாயிலை நிறுத்தவேண்டாம். ஆண்டில் சில மாதங்கள் மட்டுமாவது, கடலை விளையும் ஜில்லாக்களில் கடலை எண்ணெயும், தென்னை விளையும் ஜில்லாக்களில் தேங்காய் எண்ணெயும் போடலாம். தென்னை விவசாயிகள் இதைக் கேட்டுப் பல முறை போராடியிருக்கிறார்கள். இதற்குப் பணம் அதிகம் ஆகும், உண்மைதான். ஆனால் அந்தப் பணம் கடல் தாண்டாது. திண்டிவனம் கமிட்டியிலும், விழுப்புரம் கமிட்டியிலும் சுற்றிக்கொண்டு இருக்கும்.

நான்காவது, ஆதார விலை காகிதத்தில் தூங்கக் கூடாது. 2025-26-ம் ஆண்டுக்கு வேர்க்கடலைக்குக் குவிண்டால் 7,263 ரூபாய் என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. அறிவிப்பு நல்லது. அந்த விலைக்கு வாங்குவதற்குத் தராசு எங்கே? அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையம் திறந்தால்தான் அறிவிப்புக்கு உயிர் வரும்.

ஐந்தாவது, விளைச்சலைப் பெருக்குங்கள். எண்ணெய்ப்பனைக்கு 2021-ல் 11,040 கோடி ரூபாய்த் திட்டம் போட்டார்கள். எண்ணெய் வித்துகளுக்கு 2024 அக்டோபரில் 10,103 கோடி ரூபாய்த் திட்டம் போட்டார்கள். இரண்டாவது திட்டத்தின் பணம் விதையாகவும், களமாகவும், கிடங்காகவும் மானாவாரி விவசாயியின் வாசலுக்கு வரவேண்டும். இந்தியாவுக்கு விதை கொடுத்த ஊர் திண்டிவனம். அது மறுபடியும் கொடுக்கும்.

நமக்கு என்ன வேலை?

"இதெல்லாம் மந்திரிகள் செய்யவேண்டியது. நாம் என்ன செய்ய?" என்று கேட்கிறீர்களா?

நமக்கும் வேலை உண்டு. கிராம சபை கூடும்போது கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருபவரிடம், "ஆசியான் பேச்சில் எங்கள் மணிலாவுக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் முழிப்பார். முழிக்கட்டும்! அடுத்த முறை தெரிந்துகொண்டு வருவார். காப்பி, தேயிலை, மிளகு விவசாயிகள் கேட்டார்கள். அவை தனிப் பட்டியலில் ஏறின. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போட்டு வாழ முடியாது. அவன் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டும் வாழ முடியாது. அவனுக்கு வேண்டியதைக் கொடுத்து, நமக்கு வேண்டியதை வாங்கி, நம் அடுப்பையும் அணையாமல் காப்பதுதான் குடித்தனம். வீட்டுக்கு எது குடித்தனமோ, அதுவே தேசத்துக்கு ராஜதந்திரம்.

கிளியனூர் வீட்டில் ரேஷன் பாக்கெட் வந்துவிட்டது. அடுப்பில் சட்டி காய்கிறது. கிழவி வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கிறாள். பேரன் இரண்டு பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ஆயா, இதுலேந்துகூட எண்ணெய் வருமா?" என்று கேட்கிறான்.

அந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு சந்தேகம் வரக்கூடாது. அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.